வெறும் களிம்பு யாருக்கு

மருந்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீஸை முதலில் பார்த்தவள் பெரியவள்தான். இதை அவள் யாரையும் மறக்க விட்டதில்லை.

'கையில் வெடிப்பும் அரிப்பும் உள்ளவர்கள் தேவை. புதிய களிம்பு ஒன்றைச் சோதிக்கிறோம். கலந்துகொள்பவர்களுக்குப் பணம் தரப்படும்.' எண்ணைக் குறித்துக்கொண்டவள் அவள். போனில் அந்தப் பக்கம் கேட்ட நூறு கேள்விக்கும் பதில் சொன்னவள் அவள். வேறு ஏதாவது மருந்துச் சோதனையில் இருக்கிறீர்களா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எதற்காவது உடம்பு தடிக்குமா என்றெல்லாம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவளை இவ்வளவு விசாரித்ததில்லை.

ஆனால் அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் தனியாகப் போக அவளுக்குத் துணிச்சல் இல்லை. துணைக்குக் கொழுந்தனின் மனைவி சின்னவளை, தன் ஓரகத்தியை, கூட்டிக்கொண்டு போனாள். அங்கேதான் வந்தது வினை.

இருவருக்கும் ஒரே லாண்டரியில் வேலை. ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைச் சோடாவிலும் சுடுநீரிலும் முக்கி எடுத்தே இருவர் கையும் வறண்ட வயல் மாதிரி ஆகியிருந்தன. நர்ஸ் சின்னவளின் கையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் இருக்கே, நீங்களும் சேர்றீங்களா?" என்றாள். சின்னவள், "அக்கா என்ன சொல்றாங்களோ அதுதான்" என்று பெரியவள் முகத்தைப் பார்த்தாள்.

"இவங்க உங்களுக்கு யாரு?"

"கூட வேலை பாக்கற பொண்ணு" என்றாள் பெரியவள். தான் கண்டுபிடித்த இடத்தில் வந்து பங்கு கேட்பவளைச் சொந்தம் என்று சொல்ல அப்போது அவளுக்கு வாய் வரவில்லை.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பாதிப் பேருக்கு மருந்துள்ள களிம்பு, மீதிப் பேருக்கு வெறும் களிம்பு. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. ட்யூபில் எண் மட்டும்தான் இருக்கும். வாராவாரம் கையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அவரவர் ட்யூபை அவரவர்தான் போட வேண்டும். சம்மதம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சில வாரங்களிலேயே சின்னவளின் கை ஆறத் தொடங்கியது. பெரியவளின் கை ஆறவில்லை. யாருக்கு வெறும் களிம்பு என்று அந்த வீட்டில் இனி யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியிருக்கவில்லை.

* * *

இன்று ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். பழைய ட்யூபைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கி வர வேண்டும்.

காலையில் மாமியார் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலை நீட்டினார். பெரியவள் தைல பாட்டிலை எடுத்தாள்.

"நீ வேண்டாம்மா. உன் கை உப்புத்தாள் மாதிரி இருக்கு. தோல் உரிஞ்சு போகுது. சின்னவளைக் கூப்பிடு."

"அவ கையுறை போட்டுக்கிட்டு இருக்கா அத்தை."

"போடட்டுமே. ஆறின கையை அப்படித்தான் காப்பாத்தணும். கெட்டிக்காரி."

பெரியவளின் புருஷன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினான். "நீயும் அவளை மாதிரி ஒழுங்கா தடவியிருந்தா உனக்கும் ஆறியிருக்கும். எதையும் கடனேன்னு செஞ்சா இப்படித்தான்."

"ஆமா. நான் ட்யூபைத் தடவாம சுவத்துக்குப் பூசினேன்."

"அதுதான் பாரேன், சுவர் எவ்வளவு பளபளன்னு இருக்கு."

மாமியார் சிரித்தார். சமையலறையிலிருந்து சின்னவளும் சிரித்தது கேட்டது. பெரியவளுக்கு உச்சந்தலையில் சுருக்கென்றது.

அந்தக் கையுறைதான் போன மாதத்திலிருந்து அவள் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. வெள்ளைப் பருத்திக் கையுறை. கல்யாண ஊர்வலத்துக் குதிரைக்காரன் மாதிரி அதை மாட்டிக்கொண்டு சின்னவள் வீட்டில் வளையவந்தாள். பாத்திரம் எடுக்கும்போதும் கையுறை, கதவைத் திறக்கும்போதும் கையுறை. நகை வாங்கியவள் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுவாள். இவள் மூடி மூடிக் காட்டுகிறாள்.

லாண்டரியிலோ வேறு கவலை. பெரியவளுக்கு மடிப்பு மேஜையில் வேலை. போன மாதம் வெள்ளை விரிப்பில் அவள் விரலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் பட்டுவிட்டது. மேஸ்திரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற இடம் பாத்துக்கங்கம்மா. ஓட்டல்காரன் இதைப் பாத்தா கொலை நடந்துச்சான்னு கேப்பான்" என்றார். சின்னவளுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை.

சின்னவள் குளிக்கப் போனாள். ஜன்னல் விளிம்பில் அவளுடைய ட்யூப் கிடந்தது.

புது ட்யூப் கொடுத்தாலும் அதே ரகம்தான் கொடுப்பார்கள். அவளுக்கு மருந்து, இவளுக்கு வெண்ணெய் மாதிரி ஏதோ ஒன்று. இன்னும் மிச்சமிருப்பதில் பாதி மருந்தாவது தன்னிடம் வந்தால், கிளம்புவதற்குள் அதை வழித்து ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். ஜன்னலில் தன் ட்யூப் கிடந்தால் அவளுக்குத் தெரியவும் தெரியாது. பெரியவள் இதையெல்லாம் யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. கை தானாக நீண்டது.

ஒரே ஒரு சிக்கல். பெரியவள் ட்யூபை அடியிலிருந்து சுருட்டிக்கொண்டு வருபவள். சின்னவள் நடு வயிற்றில் அமுக்குகிறவள். பற்பசை விஷயத்தில் இதற்காகவே அந்த வீட்டில் பெரிய சண்டைகள் நடந்திருக்கின்றன. ஆகவே பெரியவள் தன் ட்யூபின் சுருட்டலைப் பிரித்து, நடுவில் ஓர் அமுக்கு அமுக்கி ஜன்னலில் வைத்தாள். சின்னவளுடையதின் வயிற்றைத் தடவிச் சமன்செய்து அடியிலிருந்து சுருட்டினாள். சுருட்டும்போது அங்கே ஏற்கனவே ஒரு பழைய மடிப்பு இருப்பது போலத் தோன்றியது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. டப்பாவில் வழிக்கவும் முடியவில்லை.

"அக்கா, கிளம்பலாமா?" என்றாள் சின்னவள், கையுறையை மாட்டிக்கொண்டே.

* * *

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இவர்களுக்கு முன்னால் ஒரு முடிதிருத்துகிறவர் உட்கார்ந்திருந்தார். ஷாம்பு நுரையில் கை வெடித்த மனிதர். சோதனைகளில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

"இது எனக்கு நாலாவதும்மா" என்றார். "முதல்ல தூக்க மாத்திரை. நல்லா தூங்கினேன், அதுக்குப் பணமும் குடுத்தாங்க. வீட்ல தூங்கினா திட்டுதான் கிடைக்குது. அப்புறம் இருமல் மருந்து. எங்கெங்க ஆள் எடுக்கறாங்கன்னு தெரியணும்னா மருத்துவக் கல்லூரி நோட்டீஸ் பலகையைப் பாக்கணும். ஒண்ணு முடிஞ்சதும் இன்னொண்ணுல குதிச்சிடக் கூடாது, நடுவுல உடம்பைக் காயப் போடணும். அதுதான் இதுல முக்கியம்."

"ரொம்பக் கண்டிப்போ?" என்றாள் சின்னவள்.

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க. இருமல் சோதனையில ஒருத்தர் பக்கத்துப் படுக்கைக்காரர் மாத்திரையை மாத்திக் கொண்டுவந்துட்டார். நம்பர் ஒத்து வரல. அன்னைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிட்டாங்க. அப்புறம் எதுக்குமே அவரைக் கூப்பிடல."

பெரியவள் பையை மடியில் இழுத்துக்கொண்டாள். "நம்பரையெல்லாமா பாக்கறாங்க?"

"பின்ன? நிறுத்துப் பாப்பாங்க, நம்பரை ஒவ்வொண்ணா படிப்பாங்க. அதோ பாருங்க."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நர்ஸ் ஒரு ட்யூபைச் சின்னத் தராசில் வைத்துவிட்டு, அதன் அடியில் எறும்பு ஊர்வது போலிருந்த எழுத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். படித்ததை இன்னொரு நர்ஸ் கம்ப்யூட்டரில் சரிபார்த்தாள். கண்ணாடி போடாமல் அந்த எழுத்தைத் தன்னால் படிக்க முடியாது என்பதால், யாருமே படிக்க மாட்டார்கள் என்று பெரியவள் நினைத்திருந்தாள்.

எழுந்து ஓடிவிடலாமா? பாத்ரூம் போவதாகச் சொல்லி ட்யூபைக் குப்பையில் போட்டுவிடலாமா? திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள். சின்னவளின் முகமும் வெளுத்திருந்தது. இவளுக்கென்ன வந்தது என்று அந்த நிலையிலும் பெரியவளுக்கு எரிச்சல் வந்தது. பயத்தில்கூடப் பங்குக்கு வருகிறாள்.

பெரியவளைக் கூப்பிட்டார்கள்.

நர்ஸ் ட்யூபை வாங்கினாள். நிறுத்தாள். எண்ணைப் படிக்கத் தொடங்கினாள். கம்ப்யூட்டர் நர்ஸ் ஒவ்வொரு எண்ணுக்கும் தலையாட்டினாள். கடைசி எண் வந்தது. அதற்கும் தலையாட்டினாள்.

"சரியா இருக்கு. அடுத்தவங்க."

பெரியவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "சரியா இருக்கா?"

"ஏன், இருக்கக் கூடாதா?" என்று நர்ஸ் சிரித்தாள்.

சின்னவளின் ட்யூபும் சரியாக இருந்தது. அதைக் கேட்டதும் சின்னவள் சட்டென்று பெரியவளைத் திரும்பிப் பார்த்தாள். பெரியவளும் அவளைப் பார்த்தாள். திருடிய பொருள் எடுத்த இடத்திலேயே இருப்பதைக் கண்ட இரண்டு திருடர்கள் மாதிரி இருவரும் விழித்தார்கள்.

* * *

டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் சின்னவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"எப்ப கண்டுபிடிச்சீங்க அக்கா?"

"எதை?"

"நான் மாத்தினதை." குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் விரிப்புல ரத்தம் பட்டு மேஸ்திரி உங்களைத் திட்டினாரே, அன்னைக்குச் சாயங்காலம் மாத்தி வெச்சேன். எனக்கு ஆறிடுச்சு, உங்களுக்கு ஆறல. சொன்னா நீங்க வாங்கிக்க மாட்டீங்க. உங்க ட்யூபைப் பிரிச்சு நடுவுல அமுக்கி, என்னோடதைச் சுருட்டி உங்க மாதிரியே வெச்சேன். இன்னைக்கு மாட்டிக்குவோம்னு பயந்தே போயிட்டேன். நீங்கதான் அதைத் திருப்பி வெச்சிருக்கீங்க. இல்லையா?"

பெரியவள் பெஞ்சின் விளிம்பைச் சுரண்டினாள்.

"எனக்கே திருப்பிக் குடுத்துட்டீங்க. நீங்க நீங்கதான் அக்கா" என்று சொல்லிச் சின்னவள் கையுறையைக் கழற்றினாள்.

விரல் இடுக்கெல்லாம் சிவந்திருந்தது. கட்டைவிரல் கணுவில் பழைய வெடிப்பு மறுபடியும் வாய் பிளந்திருந்தது. நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து தொங்கியது. ஒரு மாதமாக மூடி வைத்திருந்தது இதைத்தான்.

பெரியவள் தன் கையைப் பார்த்தாள். உண்மையில் இப்போதுதான் பார்த்தாள். வெடிப்புகள் மூடியிருந்தன. தோல் கரடுமுரடாகத்தான் இருந்தது, ஆனால் கீறல் இல்லை, சிவப்பு இல்லை. கடைசியாக ரத்தம் வந்தது எப்போது? மேஸ்திரி திட்டிய அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு ஒரு சொட்டுகூட இல்லை. அரிப்பு குறைந்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை. அவள் கண் முழுக்க அடுத்தவள் கையுறைமேல் இருந்தது. வாராவாரம் படம் எடுக்கும்போதுகூடத் தன் கையைப் பார்க்காமல், சின்னவள் அனுப்பிய படம் எப்படி இருக்குமோ என்றே பொருமிக்கொண்டிருந்தாள்.

சின்னவளை உள்ளே கூப்பிட்டார்கள். போகும்போது அவள் பெரியவளின் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனாள்.

நன்றியாக ஏதாவது வந்திருக்க வேண்டும். பெரியவளுக்கு வரவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பியது வேறொன்று. நேற்றுவரை அவள்மேல் பொறாமைப்பட ஒரு கை மட்டும்தான் இருந்தது. இன்று அவள் மனசும் சேர்ந்துகொண்டது. கையை மருந்து போட்டு ஆற்றலாம். இதற்கு எந்த ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள்?

தன்னுடைய வெறும் களிம்பைத்தான் இவள் திருடியிருக்கிறாள். திருடி, அவள் கொடுத்த மருந்தைத் தானே ஜன்னலில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அதுவும் பெருந்தன்மைக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் திருடினேன் என்று சொன்னாலும் சின்னவள், 'பரவாயில்ல அக்கா' என்பாள். அந்தப் 'பரவாயில்ல' காலத்துக்கும் காதில் ஒலிக்கும்.

சின்னவள் வெளியே வந்தாள். பெரியவளைக் கூப்பிட்டார்கள்.

* * *

டாக்டரம்மா அவள் விரல்களை விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு திரையில் இரண்டு வரிசையாகப் படங்களைக் காட்டினார்.

"இது நீங்க வாராவாரம் அனுப்பினது. முதல்ல ஒண்ணுமே ஆறல. போன மாசத்துல இருந்து வேகமா ஆறுது. இது இப்ப போனாங்களே அவங்களோடது. முதல்ல ஆறி, அதே வாரத்துல இருந்து திரும்ப வெடிக்குது. ரெண்டும் ஒரே வாரம்." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "கூட வேலை பாக்கறவங்கன்னு எழுதியிருக்கு. ஆனா அவங்க உள்ள இருந்த அஞ்சு நிமிஷத்துல, 'எங்க வீட்ல அக்கா'ன்னு பத்து தடவை சொன்னாங்க. ஒரே வீடா?"

"ஆமாங்க. ஓரகத்தி."

"அதை முதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் சேத்திருக்கவே மாட்டோம்." கோபமில்லாமல்தான் சொன்னார். "நேரா கேக்கறேன். ட்யூப் மாறிச்சா?"

பெரியவள் மேஜையைப் பார்த்தாள். அங்கே இரண்டு புது ட்யூப்கள் பெட்டியோடு நின்றன.

"யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க இல்லைன்னு சொன்னா, நான் எழுதறது தப்பாப் போயிடும். ஆத்தற மருந்தை ஆத்தாததுன்னு எழுதிடுவோம். இல்லைன்னா அதுக்கு நேர் மாறா எழுதிடுவோம். நாளைக்கு உங்களை மாதிரி கையோட வர்ற இன்னொருத்தருக்கு அதுதான் கிடைக்கும். மாத்தினவங்க இனிமே தொடர முடியாது. தெரியாம போட்டவங்கன்னா, அவங்களை வெச்சுக்கலாமான்னு மேல கேட்டுப் பாக்கலாம்."

'அவதான் மாத்தினா, எனக்கு எதுவும் தெரியாது.' இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இன்று காலை நடந்ததை மட்டும் விட்டுவிட்டால் போதும். சின்னவள் வெளியே போவாள். பெரியவள் உள்ளே இருப்பாள், வெறும் களிம்போடு.

'ரெண்டு பேரும் மாத்தினோம்.' இது முழு உண்மை. ஆனால் அதைச் சொன்னால் காரணத்தையும் கேட்பார்கள். அவள் கொடுத்தாள், நான் எடுத்தேன். அப்படித்தான் எழுதப்படும். வீட்டிலும் அப்படித்தான் பேசப்படும். மாமியார் காலை நீட்டிக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்த வீட்டில் நல்லவள் உட்கார நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் சின்னவள் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொள்வாள்.

கதவின் சின்னக் கண்ணாடி வழியாகச் சின்னவளின் முதுகு தெரிந்தது. மறுபடியும் கையுறையை மாட்ட முயன்றுகொண்டிருந்தாள். விரல் வலித்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்தி, கையை ஊதிக்கொண்டாள்.

"நான்தான் மாத்தினேன்" என்றாள் பெரியவள்.

"இப்பவா, போன மாசமா?"

"ரெண்டு தடவையும். போன மாசம் அவளுக்கு ஆறறதைப் பாத்து வயிறு எரிஞ்சு மாத்தினேன். இன்னைக்கு நம்பர் பாப்பீங்கன்னு பயந்து திருப்பி வெச்சேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. கை திரும்ப வெடிச்சதும் பாவம், என்னவோ ஏதோன்னு மூடி மூடி வெச்சிருந்தா. என்னை எடுத்துடுங்க. அவளுக்கு அவ ட்யூபைக் குடுங்க."

சொல்லி முடித்ததும் மூச்சு லேசாக வந்தது. தியாகம் என்று யாராவது இதைச் சொன்னால் அவளுக்கே சிரிப்பு வரும். சின்னவள் செய்ததைத் தன் பெயரில் எழுதிக்கொண்டாள், அவ்வளவுதான். இனி மருந்து போட்டு ஆறும் ஒவ்வொரு விரலையும் பார்க்கும்போது அவளுக்கு ஞாபகம் வரட்டும், யார் விட்டுக்கொடுத்தது என்று. 'நீங்க இல்லைன்னா என்ன ஆகியிருக்கும் அக்கா' என்று அவள் காலத்துக்கும் சொல்லட்டும். கேட்டுக்கொண்டு, 'பரவாயில்ல' என்று இவள் சொல்வாள்.

டாக்டரம்மா எதையும் எழுதிக்கொள்ளவில்லை. நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. மணியை அழுத்தி, "அவங்களை உள்ள வரச் சொல்லுங்க" என்றார்.

சின்னவள் வந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் பெரியவளின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போன மாசமும் இன்னைக்கும் ட்யூபை மாத்தினது தான்தான்னு உங்க அக்கா சொல்றாங்க. உங்களுக்கு எதுவுமே தெரியாதுன்னும் சொல்றாங்க. அப்படித்தானா?"

பெரியவள் அவள் காலை மெதுவாக மிதித்தாள். ஆமாம் என்று சொல், ஒரு சொல் போதும். அவள் தன் வாழ்நாளில் யாரிடமும் எதற்காகவும் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

சின்னவள் காலை நகர்த்திக்கொண்டாள். வெடித்த கையால் பெரியவளின் கையைப் பிடித்தாள். பிடி இரும்பு மாதிரி இருந்தது.

"எங்க அக்கா சொல்றதுல பாதிதான் உண்மை டாக்டர்" என்றாள்.

அடிப்பாவி, இதையும் விட்டுக்கொடுக்க மாட்டாயா என்று பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதியை இவள் எடுத்துக்கொள்ளப் போகிறாள் என்று டாக்டரம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.